வாசகர் கேள்வி-பதில்: பதினேழு வயதில் படமெடுக்கும் தொழில்

கேள்வி: எனக்கு வயது 17. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். உறவினர் வீட்டு விழாக்களில் நான் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துச் சிலர் பணம் தருவதாகச் சொல்லித் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு அழைக்கிறார்கள். வரும் தை மாதம் ஒரு திருமணத்துக்கும் கேட்டிருக்கிறார்கள். இதைத் தொழிலாகத் தொடங்கலாமா? பதிவு செய்ய வேண்டுமா? என்ன கருவிகள் வாங்குவது?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், தம்பி. ஆனால் அந்தத் திருமணத்தை மட்டும் தனியாக ஏற்க வேண்டாம். பிறந்தநாள் கேக் வெட்டும் படம் மங்கலாகிவிட்டால் இன்னொரு துண்டு வெட்டச் சொல்லலாம். தாலி கட்டும் நொடியை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. கெட்டிமேளம் முழங்க, எல்லாரும் அட்சதையோடு எழுந்து நிற்க, உறவினர்கள் கைப்பேசிகளை நீட்டியபடி முன்னே நெருங்கிவர, ஓமப் புகைக்கு நடுவே எங்கே நின்றால் மணமக்களின் முகம் மறையாது என்பது பல திருமணங்களைப் பார்த்தவருக்கே தெரியும். அனுபவமுள்ள ஒருவரை முதன்மைப் படக்கலைஞராக அமர்த்தும்படி அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லி, அவருக்குத் துணையாக இரண்டாவது கேமராவுடன் செல்லுங்கள். காதுகுத்து, வளைகாப்பு, புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ நடக்கும் பிறந்தநாள் ஆகியவற்றை இப்போதே தனியாக எடுக்கலாம்.

பதிவைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் தொழில்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிவு செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயினும் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. எனவே 'ஸ்டூடியோ' என்று முடியும் அழகான பெயரை அடுத்த பிறந்தநாள் வரை ஒத்திவைத்துவிட்டு, இப்போது சொந்தப் பெயரிலேயே பணியாற்றுங்கள். பிறகு பெயருக்கு 15 வெள்ளியும் ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளியும் செலுத்திப் பதிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியும் இங்கே பொதுவாக 18 வயதில்தான் வருகிறது என்பதால், வாடிக்கையாளருடன் எழுதும் தாளில் உங்கள் தந்தையோ தாயோ கையொப்பமிடட்டும். எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள், மீதிப் பணம் எப்போது, நீங்கள் நோயுற்றால் யார் வருவார் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். தெரிந்தவர்கள்தானே என்று இதைத் தவிர்க்காதீர்கள். மனத்தாங்கல் பெரும்பாலும் தெரிந்தவர்களிடையேதான் வருகிறது. முன்பணத்தைப் படங்களைக் கொடுத்து முடிக்கும்வரை செலவழிக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கையும் ரசீதுகளையும் ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கருவிகளுக்காகக் கடன் வாங்காதீர்கள். இருக்கும் கேமராவுக்கு எஃப் 1.8 திறப்புள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சேர்த்தால், வெளிச்சம் குறைந்த கோயில் மண்டபத்திலும் ஓரளவு சமாளிக்கலாம். கோல்மன் ஸ்திரீட்டின் பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய லென்ஸ்களை நேரில் சோதித்து வாங்கலாம். கூடுதல் பேட்டரியும் மெமரி கார்டும் கட்டாயம் வேண்டும். நிகழ்ச்சி முடிந்த இரவே படங்களை இரண்டு இடங்களில் நகலெடுங்கள்; வாடிக்கையாளர் கையில் படங்கள் சேரும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

திருமண முன்பதிவுகள் ஓராண்டுக்கு முன்பே வருவதுண்டு. டிப்ளோமா முடித்துத் தேசிய சேவைக்குச் செல்லும் காலத்துக்குரிய தேதிகளை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் 16 வயது மகள் கட்டணம் பெற்று ஒரு மஞ்சள் நீராட்டு விழாவைப் படமெடுத்தாள். அந்தப் படங்களை இன்ஸ்டகிராமில் போடக் கூடாது என்கிறார்கள் அந்த வீட்டார். படமெடுத்தவருக்கு உரிமை இல்லையா?
- யீஷூன் வாசகி

பதில்: உரிமை உண்டு, அம்மா. 2021ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, கட்டணத்துக்கு எடுக்கப்பட்ட படமானாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அதன் பதிப்புரிமை எடுத்தவருக்கே உரியது. ஆனால் படத்தில் இருப்பது ஒரு சிறுமியின் முகம். தொழில் விளம்பரத்துக்காக அடையாளம் தெரியும் படத்தைப் பயன்படுத்தும்போது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இசைவை எதிர்பார்க்கிறது. சட்டம் எப்படியிருந்தாலும், அந்தப் பெண் பிள்ளை நாளை தன் வகுப்புத் தோழர்களின் முன் கூச வேண்டிய நிலை வரக் கூடாது. அப்படங்களை இன்ஸ்டகிராமில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். இனி, எந்தெந்தப் படங்களை வெளியிடலாம் என்பதை விழாவுக்கு முன்பே அந்தச் சிறுமியிடமும் பெற்றோரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். மாலை, சடங்குத் தட்டு, மேடை அலங்காரம் ஆகியவற்றின் படங்களே உங்கள் மகளின் திறமையைக் காட்டப் போதுமானவை.