பள்ளம் மேட்டை நோக்கித்தான் ஏறும்

"மானாவாரி நிலத்தில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் வருடா வருடம் பெரிதாகிறது. மண் அடித்து மூடினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இரண்டு தடவை மூடி, இரண்டு தடவையும் மண்ணைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

உங்களுடையதும் சரிவான நிலமாகத்தான் இருக்கும். மேட்டிலிருந்து நேராகக் கீழே உழுதிருப்பீர்கள். எங்களுக்கு ஊத்தங்கரைப் பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண். அப்பா இருந்தவரை சரிவுக்குக் குறுக்கேதான் ஏர் ஓட்டுவார். அவருக்குப் பிறகு டிராக்டர் வந்தது. குறுக்கே ஓட்டினால் அடிக்கடி திருப்ப வேண்டும், மணிக்கணக்கு வாடகை ஏறும் என்று மேலிருந்து கீழே ஓட்டச் சொன்னது நான்தான். உழுத சாலெல்லாம் வாய்க்காலாகிவிட்டது. முதல் வருடம் விரல் அகலக் கோடுகள், அடுத்த உழவில் மறைந்துவிட்டன. மூன்றாம் வருடம் முழங்கால் ஆழம். அப்புறம் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. விடிந்து போய்ப் பார்த்தால் ஆள் நின்றால் மறையும் ஆழம். கொட்டிய மண்ணில் ஒரு கூடை மிச்சமில்லை.

அன்றைக்குத்தான் கவனித்தேன், பள்ளம் மேட்டைத் தின்றுகொண்டே ஏறுகிறது. அதன் தலையில், அதாவது மேல் முனையில், தண்ணீர் அருவி மாதிரி விழுந்து அடிமண்ணைக் குடைகிறது, மேல்மண் பிடிமானம் இல்லாமல் பொத்தென்று சரிகிறது. விழும் இடம் இன்னும் மேலே போகிறது. இறுகாத புதுமண் இதில் எப்படி நிற்கும்?

அதனால் முதலில் மேட்டுத் தண்ணீரைத் திருப்புங்கள். நாங்கள் மேலே குறுக்கு வரப்பு போட்டு, புல் அடர்ந்த ஓரமாகத் தண்ணீரை இறக்கினோம். பள்ளத்தின் தலையைச் சாய்வாக வெட்டிக் கல் பதித்தோம். உள்ளே வரிசையாகக் கல் தடுப்புகள். தடுப்பின் நடுப்பகுதி தாழ்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இரண்டு கரையையும் அறுத்துவிடும். கரையில் வெட்டிவேரும் நொச்சியும் நட்டோம். படித்தவர்கள் குறை சொல்லலாம். கரிசலுக்கும் இதே கணக்கு என்று நான் சொல்லவில்லை, என் மண்ணில் நின்றதைச் சொல்கிறேன்.

அந்த மழையில் எல்லைக்கல்லும் போய்விட்டது. அளந்து நட மனு கொடுத்து, எத்தனை நடை! போகிற போதெல்லாம் "அடுத்த வாரம் வாங்கம்மா". பக்கத்து நிலத்துக்காரர் அதற்குள் நாலு அடி உள்ளே உழுதுவிட்டார். அதைக் கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மண் வண்டிக்கு எடுத்து வைத்த பணத்தில் கல் இறக்குங்கள். வரப்பு வேலை மழைக்கு முன்னால் முடியட்டும்.