கருவி டிரைவரில் மதிப்பைச் சரிபார்க்கத் தனியாக ஒரு கால்பேக் எதற்கு?

லேப்விண்டோஸ்/சிவிஐ என்ற சி நிரலாக்கச் சூழலில், சோதனைக்கான அலைகளை உருவாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஒன்றுக்கு ஐவிஐ டிரைவர் (பொதுத் தரம் ஒன்றின்படி கருவியை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறீர்கள். வீச்சுக்கு, அதாவது அலையின் மின்னழுத்த அளவுக்கு, கீழ் எல்லை, மேல் எல்லை என்று ரேஞ்ச் டேபிளில் இரண்டு எண்களைக் கொடுத்தாயிற்று, அதற்கு மேலும் செக் கால்பேக் (மதிப்பை அமைக்கும் முன் அதைச் சரிபார்க்கத் தானாக அழைக்கப்படும் செயல்கூறு) எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களும் எந்த நிலையிலும் மாறாது என்றால் வேண்டாம். டிரைவருக்கு அடியில் இயங்கும் ஐவிஐ எஞ்சினே டேபிளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் அப்படி மாறாத எல்லைகள் அபூர்வம்.

அஜிலென்ட் 33220ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுமை (வெளியீட்டில் இணையும் மின்தடை) 50 ஓம் என்று அமைத்தால் வீச்சு, உச்சிக்கு உச்சி, 10 மில்லிவோல்ட் முதல் 10 வோல்ட் வரை. சுமையை ஹை-இசட் (மிக உயர்ந்த மின்தடை) என்று மாற்றியதும் அதே வீச்சு 20 மில்லிவோல்ட் முதல் 20 வோல்ட் வரை ஆகிவிடுகிறது. சைன் அலைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு, ரேம்ப் அலைக்கு 200 கிலோஹெர்ட்ஸ்தான். இதுவரைக்கும் ரேஞ்ச் டேபிள் கால்பேக் போதும். தற்போதைய அலைவடிவத்தையும் சுமையையும் பார்த்து உரிய டேபிளை எடுத்துக் கொடுத்தால், மீதியை எஞ்சின் செய்துவிடும்.

அலையை மேலோ கீழோ நகர்த்தும் நிலையான மின்னழுத்தமான ஆஃப்செட் வந்ததும் கதை மாறுகிறது. வீச்சில் பாதியும், குறியை விட்டுவிட்டு எடுத்த ஆஃப்செட்டும் சேர்ந்து 50 ஓமில் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இது இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான விதி, நிலையான டேபிளில் அடங்காது. செக் கால்பேக்கின் இடம் இதுதான்.

இதை டிரைவர் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? எல்லை மீறிய மதிப்பைக் கருவி தன் எல்லைக்கு வெட்டிக்கொண்டு, -222 (மதிப்பு எல்லைக்கு வெளியே) போன்ற ஒரு பிழையைத் தன் பிழை வரிசையில் போட்டுவிட்டு, வெளியீட்டை நிறுத்தாமல் வேலையைத் தொடரும். வேகத்துக்காகக் கருவி நிலை வினவலை (கருவியிடம் பிழை உண்டா என்று டிரைவர் கேட்பதை) அணைத்து வைத்திருக்கும் நிரலுக்கு இது தெரியவே தெரியாது. சோதனை தவறான சிக்னலோடு ஓடி முடியும், முடிவுகளும் பதிவாகிவிடும். நின்றுபோன சோதனையைவிட இது பல மடங்கு மோசம் என்பது என் உறுதியான கருத்து. தவறான மதிப்பு கேபிளுக்குள் போகும் முன்பே மறுக்கப்பட வேண்டும்.

ஆனால் செக் கால்பேக் எழுதியதும் ஒரு புதிய சிக்கல் முளைக்கும், பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இப்போது ஆஃப்செட் 4 வோல்ட், வீச்சு 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 + 1 = 5, சரி. பயனர் ஆஃப்செட்டைச் சுழியமாகவும் வீச்சை 10 வோல்ட்டாகவும் மாற்ற விரும்புகிறார். 0 + 5 = 5, அதுவும் சரி. வீச்சை முதலில் அமைத்தால் 4 + 5 = 9 என்று கணக்கிட்டு உங்கள் கால்பேக் மறுத்துவிடும். தொடக்கமும் முடிவும் செல்லும், நடுவழி மட்டும் செல்லாது. இதற்காகக் கால்பேக்கைத் தளர்த்தாதீர்கள். இரண்டையும் சேர்த்து அமைக்கும் மேல்நிலைச் செயல்கூறு ஒன்றை எழுதி, அதில் இறுதி நிலையை ஒருசேரச் சரிபார்த்து, பாதுகாப்பான வரிசையில் அமையுங்கள். இங்கே ஆஃப்செட்டை முதலில் இறக்கினால் தடையே இல்லை.

செக் கால்பேக்குக்குள் சரிபார்ப்பு மட்டுமே இருக்கட்டும். வேறொரு அட்ரிபியூட்டை (அதிர்வெண், ஆஃப்செட் போன்ற அமைப்பை) அங்கே மாற்றாதீர்கள், கருவிக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பாதீர்கள். ஆஃப்செட்டின் மதிப்பு தேவையென்றால் எஞ்சின் வழியாகக் கேளுங்கள், கேஷில் (கடைசி மதிப்புகளை எஞ்சின் நினைவில் வைத்திருக்கும் இடத்தில்) செல்லுபடியாகும் மதிப்பு இருந்தால் கருவிவரை போகாமலே கிடைத்துவிடும். சரிபார்ப்பால் வேகம் குறைகிறது என்று ரேஞ்ச் செக்கை அணைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இரண்டு எண்களைக் கூட்டி ஒப்பிடுவதற்கு ஆகும் நேரம், கருவியைக் கணினியோடு இணைக்கும் ஜிபிஐபி-யில் ஒரு கட்டளை போய்வரும் நேரத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. சரிபார்ப்பு மெதுவாக இருந்தால், கால்பேக்குக்குள் யாரோ கருவியிடம் பேசுகிறார்கள் என்று பொருள்.

கேஷை நம்புவதென்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் சைனிலிருந்து ரேம்ப்புக்கு மாறினால் 33220ஏ தானாகவே அதிர்வெண்ணை 200 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொள்ளும். அலைவடிவம் மாறும்போது அதிர்வெண்ணின் கேஷ் செல்லாததாக வேண்டும் என்று அட்ரிபியூட் எடிட்டரில் குறிப்பிடாவிட்டால், டிரைவர் பழைய 20 மெகாஹெர்ட்ஸையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மல்டிமீட்டரின் ரேஞ்சுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அஜிலென்ட் 34401ஏ மல்டிமீட்டரில் 3 வோல்ட் ரேஞ்ச் கேட்டால் மறுக்கக் கூடாது, 10 வோல்ட்டுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கேட்ட மதிப்பை அனுமதிக்கப்பட்ட அடுத்த மதிப்புக்கு உயர்த்தும் கோயர்ஸ் வகை டேபிள் போதும், டிசிக்கு 1000 வோல்ட், ஏசிக்கு 750 வோல்ட் என்று உச்சம் மாறுவதால் இரண்டு டேபிள்கள்.

தசம எண்களில் எல்லையை ஒப்பிடும்போது சிறிது விலக்கம் அனுமதியுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினியில் 0.3-ஐவிடத் துளி அதிகமாக வரும், சரியாக எல்லையில் நிற்கும் நியாயமான மதிப்பு அதனால் மறுக்கப்படும். மறுக்கும்போது ‘செல்லாத மதிப்பு’ என்பதோடு நிறுத்தாமல், பிழை விளக்கத்தில் ‘சுமை 50 ஓம், ஆஃப்செட் 4 வோல்ட், ஆகவே வீச்சு 2 வோல்ட்டுக்கு மேல் போகாது’ என்று எழுதுங்கள். இதைப் படிப்பவர் சோதனை மேசை முன் நிற்கிறார், டிரைவரின் மூலநிரல் அவர் கையில் இல்லை.

சிமுலேஷனில் கருவியே இல்லாவிட்டாலும் ரேஞ்ச் செக் இயங்கும். எனவே ஒவ்வொரு சுமைக்கும் எல்லைக்குச் சற்று உள்ளே, எல்லையில், சற்று வெளியே என்று மூன்று மதிப்புகளைக் கொடுத்து, கருவி மேசைக்கு வரும் முன்பே சோதித்துவிடலாம். ஆஃப்செட்டுக்கு எதிர்மறை மதிப்புகளையும் மறக்காமல் கொடுத்துப் பாருங்கள்.