பிட்காயின் போன்ற மெய்நிகர் நாணயங்களின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் நடக்கும் பரிவர்த்தனைகளைத் தடமறியும் கருவிக்கு, அதைத் தாமே இயக்கும் ஏஐ ஏஜென்ட்கள் படிப்பதற்கென்று தனி ஆவணம் தேவையா? மனிதர்களுக்கான ஏபிஐ (நிரல்கள் கருவியை அழைக்கும் வழி) ஆவணமே போதாதா?

போதாது என்பதே என் பதில். அத்தகைய கருவி ஒன்றுக்கு மனிதர்களுக்கான ஆவணத்தை எழுதி, அதையே ஏஜென்ட்டிடமும் கொடுத்துப் பட்டுத் தெளிந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பிட்காயின் முகவரியிலிருந்து பணம் எங்கெங்கே போயிற்று என்று காட்டும் ஃபங்ஷன் (கருவியின் ஒரு செயல்) ஒன்றுக்கு, ‘பணத்தைப் பெற்றவர்களின் பட்டியலைத் தரும்’ என்று ஒரே வரியில் விளக்கம் எழுதியிருந்தேன். எங்கள் சொந்த வாலட்டில் செய்த ஒரு பரிவர்த்தனையைச் சோதனைக்காக ஏஜென்ட்டிடம் கொடுத்தபோது, 0.05 பிட்காயினில் 0.003 ஒருவருக்கும், ஏறக்குறைய 0.047 இன்னொருவருக்கும் போனதாகவும், அந்த இரண்டாமவரே முக்கியப் பயனாளி என்றும் அது தயக்கமே இல்லாமல் அறிக்கை எழுதித் தந்தது. அந்த 0.047 எங்களுக்கே திரும்பி வந்த சில்லறை. பிட்காயினில் முன்பு பெற்ற ஒரு தொகையில் கொஞ்சத்தை மட்டும் கிள்ளிச் செலவிட முடியாது. முழுவதையும் உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் முகவரி ஒன்றிலேயே வெளியீடாகத் திரும்பப் பெற வேண்டும். இதை அறிந்த ஆய்வாளர் ‘பெற்றவர்’ என்ற என் சொல்லைத் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். ஏஜென்ட்டிடம் கேட்டால் அதுவும் சில்லறையைப் பற்றி அழகாகவே விளக்கும். ஆனாலும் கருவியின் விளக்கம் ‘பெற்றவர்’ என்று அடித்துச் சொல்லும்போது அது விளக்கத்தின் பக்கமே சாய்கிறது.

ஆகவே, பிளாக்செயின் சங்கிலியில் பதிந்திருப்பது எது, கருவி ஊகித்தது எது என்பதை ஆவணத்தில், பதிலில் வரும் ஒவ்வொரு தகவல் புலத்துக்கும் பிரித்து எழுத வேண்டும். ஹாஷ் (பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு), அது இடம்பெற்ற பிளாக்கின் எண், தொகை ஆகியவை பதிவுகள். ஒரே பரிவர்த்தனையின் உள்ளீடுகளாக வரும் முகவரிகள் ஒருவருக்கே உரியவை என்பது, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோவின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே சுட்டப்பட்ட கருத்தாயினும், ஊகம்தான்; பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையை உருவாக்கும் காயின்ஜாயின் முறையில் அது பொய்த்துவிடும். ஊகம் என்றால் எந்த அடிப்படையில் என்பதும் பதிலோடு சேர்ந்தே வர வேண்டும்.

தொகைகளை எண்ணாகத் தராமல் சரமாக (எழுத்துகளின் வரிசையாக) தருவது நல்லது. எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஓர் ஈதர் என்பது, அதன் மிகச் சிறிய அலகான வெய்யில் 10இன் 18ஆம் அடுக்கு. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழிகளின் சாதாரண எண் வகை பிழையின்றிக் கையாளும் முழு எண்களோ 9007199254740991 உடன் நின்றுவிடுகின்றன. எத்தனை தசம இடங்கள் என்பதையும் உடன் தர வேண்டும். எத்தீரியத்தில் புழங்கும் டோக்கன்களில் (அதன்மேல் உருவாக்கப்பட்ட நாணயங்களில்) யுஎஸ்டிடிக்கு 6 இடங்கள், டாய்க்கு 18. எல்லாவற்றுக்கும் 18 என்று ஏஜென்ட் எண்ணிக்கொண்டால் யுஎஸ்டிடி தொகை லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரே முகவரி எத்தீரியத்திலும் பாலிகான் என்ற இன்னொரு சங்கிலியிலும் செல்லும் என்பதால், சங்கிலியின் எண்ணை (முறையே 1, 137) கருவியை அழைக்கும்போது கட்டாயம் கொடுக்க வேண்டிய அளவுருவாக்குங்கள். கொடுக்காவிட்டால் எத்தீரியம் என்று எடுத்துக்கொள்ளும் வசதி மனிதருக்கு உதவும், ஏஜென்ட்டைக் குழியில் தள்ளும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் ஆபத்தானது வெற்றுப் பட்டியல். எத்தீரியத்தில் ஓர் ஒப்பந்தம் (சங்கிலியிலேயே இயங்கும் நிரல்) தன் இயக்கத்தின் நடுவே அனுப்பும் ஈதர் சாதாரணப் பரிவர்த்தனைப் பட்டியலில் வராது. அந்தப் பரிவர்த்தனையை மறுபடி இயக்கிப் பார்க்கும் வசதியுள்ள நோடு (சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினி) இருந்தால்தான் தெரியும். அந்த வசதி இல்லாத நோடோடு இணைந்திருந்த எங்கள் கருவி வெற்றுப் பட்டியலைத் தந்தது. ஏஜென்ட் ‘பணம் வேறெங்கும் நகரவில்லை’ என்று எழுதிவிட்டது. ‘தேடினேன், இல்லை’, ‘தேட முடியவில்லை’, ‘வரம்பு வந்ததால் பாதியில் நிறுத்தினேன்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு பதில்களாக வர வேண்டும்; ஒவ்வொன்றையும் வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் ஆவணம் கூற வேண்டும். பணம் ஓர் எக்ஸ்சேஞ்சின் (நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) பொது வாலட்டுக்குள் போய்ப் பலருடைய பணத்தோடு கலந்தபின் அதற்கப்பால் தொடர்வதில் பொருளில்லை என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

டோக்கனின் பெயரை அதை உருவாக்குபவர் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஏஜென்ட்டுக்கான கட்டளையையே பெயராக வைத்தாலும் தடுப்பார் இல்லை. ஒருவர் வழக்கமாகப் பணம் அனுப்பும் முகவரியோடு முதலும் கடைசியுமான சில எழுத்துகள் ஒத்திருக்கும் போலி முகவரியோடு பூஜ்யத் தொகை பரிமாற்றம் நடந்ததாகக் காட்டி, வரலாற்றைக் குழப்பும் ஏமாற்றும் உண்டு. ஆகவே பெயர்களை நம்பத்தகாத உரை என்று குறிப்பதோடு, எத்தீரிய முகவரியின் 42 எழுத்துகளையும் முழுமையாகத் தாருங்கள்; நடுவில் புள்ளி வைத்துச் சுருக்குவதை ஏஜென்ட்டுக்கும் தடை செய்யுங்கள். (ஆவணத்தில் எழுதிவிட்டதால் மட்டும் இது பாதுகாப்பாகிவிடாது, கருவியின் நிரலிலும் தடுக்க வேண்டும்.)

ஃபங்ஷன் விளக்கங்கள் ஏஜென்ட்டின் சூழலில் (அது ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடிய, அளவுள்ள உரையில்) எப்போதும் இடம்பிடிப்பவை என்பதால் இவ்வளவையும் அங்கே கொட்ட முடியாது. முடிவை மாற்றக்கூடிய வாக்கியங்களை மட்டும் விளக்கத்தில் வைத்து, மற்றவற்றைத் தேவைப்படும்போது படிக்கும் தனிப் பக்கங்களாக்குங்கள். எது முடிவை மாற்றும் என்று கண்டறிய, விடை தெரிந்த பரிவர்த்தனைகளைக் கொடுத்து ஏஜென்ட் எங்கே தவறுகிறது என்று பார்ப்பதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. அப்படிப் பலமுறை பார்த்தபின் என் பழைய ஒற்றை வரி இப்போது இவ்வாறு இருக்கிறது: ‘வெளியீட்டு முகவரிகளின் பட்டியலைத் தரும். இவற்றுள் அனுப்பியவருக்கே திரும்பும் சில்லறையும் இருக்கலாம். ஊகப் புலத்தைப் பார்க்காமல் எவரையும் பெறுநர் என்று குறிப்பிடக் கூடாது.’