தோர்ணக்கல்லுக்குப் போன தமிழர்

அன்புள்ள ஐயா,

பிஷப் கால்டுவெல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மிஷனரி பிஷப் என்றாலே வெள்ளைக்காரர்தானா? அசரியா என்ற தமிழரும் பிஷப்பாக இருந்ததாக எங்கள் சபை ஐயர் சொன்னார். அவரும் ஆங்கிலேயரின் கைப்பாவையாகத்தானே இருந்திருப்பார்?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயர் சொன்னது சரி. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். கால்டுவெல் 1849இல் நாடார்களைத் தாழ்வாகக் காட்டி எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தை எவ்வளவு கொதிக்க வைத்தது என்பது தெரியுமல்லவா? அசரியா அதே சமூகத்துக்காரர்.

கைப்பாவை என்பதை மட்டும் ஏற்க முடியாது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அரங்கத்தில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். 35 வயது அசரியா எழுந்து, ஏழைகளுக்காகப் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். சிலருக்கு அது சுருக்கென்று தைத்தது. பதவிக்குக் காத்திருப்பவர் பேசுகிற பேச்சா இது?

அதற்கு முன்பே அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல். ஒய்.எம்.சி.ஏ. செயலர் வேலையை விட்டுவிட்டு 1909இல் அசரியாவே அங்கே போனார். கிருஷ்ணகிரிக்காரர்களான நமக்குத் தெலுங்கு பக்கத்து வீட்டுப் பேச்சு. குப்பம் பஸ்ஸில் ஏறினால் காதில் விழுந்துகொண்டே வரும். திருநெல்வேலிக்காரருக்கு அப்படியா? முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மாலா, மாதிகா மக்கள் கூட்டம் கூட்டமாக அவருடைய சபையில் சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் தலையில் தானே கைவைத்து, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்ற பவுலின் வசனத்தைச் சொல்லவேண்டும். கூலிக்காரரையும் ஊழியராக்கும் ஏற்பாடு அது.

காந்தியோடு அவருக்கு முரண்பாடு வந்ததும் இந்தக் கூட்ட மதமாற்றத்தால்தான். ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி, அதாவது கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, வேண்டாம் என்றவரும் அசரியாதான். அது பிரிட்டிஷார் நீட்டிய சலுகை. கைப்பாவையாக இருந்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பார்.