முதலில் மனம், பிறகு பழக்கமா?

கேள்வி: தினமும் 12 சிகரெட் பிடிக்கிறேன். விட்டுவிடுகிறேன் என்று சபதம் எடுப்பேன். நாலாம் நாள் மறுபடி பற்றவைத்துவிடுவேன். ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற எண்ணம் நாள் முழுக்க அரிக்கிறது. இந்த எண்ணங்களிலிருந்து விடுபட்டால்தானே பழக்கத்தை விட முடியும்? வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். மனம் தெளியட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏனென்றால் மனதைக் கலக்குவதில் அந்தச் சிகரெட்டுக்கும் பங்கு உண்டு. ரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது குறையக் குறைய எரிச்சலும் படபடப்பும் தலைதூக்கும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கும். அந்தத் தணிவைத்தான் நிம்மதி என்று நம்புகிறோம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், குறைந்திருந்தன.

நாலாம் நாள் உடைவதை உங்கள் குணக்கேடாகப் பார்க்காதீர்கள். நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் உடலின் தவிப்பு உச்சத்தில் இருக்கும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், ‘என்னால் ஆகாது’ என்று தோன்றும். அந்த எண்ணமும் ஓர் அறிகுறி. நீங்களோ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு தண்டனையையும் நிறைவேற்றிவிடுகிறீர்கள். அதுவும் மிகக் கடினமான நாள்களைத் தாண்டி வந்த பிறகு! மீதித் தவிப்பு மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக அடங்கும்.

எண்ணத்தை விரட்டவும் வேண்டாம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லி 1987-ல் சோதித்தார் உளவியலாளர் டேனியல் வெக்னர். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடையை நீக்கியதும் இன்னும் அதிகமாக நினைத்தார்கள். ஆகவே, ‘லாயக்கில்லாதவன் என்ற எண்ணம் வந்திருக்கிறது’ என்று அதற்குப் பெயர் சொல்லுங்கள். ஒரு வரியில் எழுதிவையுங்கள். மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, எழுதியதை எடுத்துப் பாருங்கள். இரவில் படுக்கையில் வேண்டாம். காலையில் மலைபோல் தெரிந்ததில் பாதி அப்போது சப்பென்றிருக்கும்.

இனி உடல். புகைக்கும் வேட்கை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் இடத்தை மாற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். டீக்கடையில் நின்றால்தான் தம் நினைவு வரும் என்றால், முதல் மாதம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். காபியைப் பாதியாகக் குறையுங்கள். புகையை நிறுத்தியதும் கல்லீரல் காஃபினை மெதுவாகவே வெளியேற்றும். பழைய அளவிலேயே குடித்தால் கை நடுங்கும், தூக்கம் வராது; பழி புகையை விட்டதன்மேல் விழும்.

நிகோடின் சூயிங்கம் நன்றாகவே உதவும். ஆனால் பலர் பபிள்கம் போல மென்று விழுங்கி, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து தூக்கிப்போடுகிறார்கள். சுரீரென்று காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள். பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவையுங்கள். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ் கூடாது. அவற்றின் அமிலம் நிகோடினை உறிஞ்ச விடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

ஒன்று பற்றவைத்துவிட்டீர்களா? மிச்சமிருப்பதை உடனே தண்ணீரில் போடுங்கள். எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘போச்சு, இனி என்ன’ என்ற நினைப்புதான் ஒரு சிகரெட்டை ஒரு பாக்கெட்டாக்குகிறது. விட்ட தேதியை மாற்றாதீர்கள்; அடுத்த மணி நேரத்திலிருந்து தொடருங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று: தினமும் அதிகமாக மது குடிப்பவர்கள் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நீங்கள் பாக்கெட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ‘லாயக்கில்லாதவன்’ என்பது ‘இருந்து என்ன பயன்’ என்று மாறினால், அன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.