எட்டு விநாடியில் பிடித்த பைத்தியம்

கேள்வி: 1989 மே மாதம் பாரிஸுக்கு வந்தவன் நான். லாச்சப்பல் பக்கம் ஒரே அறையில் ஏழு பேர், ஒரு பழைய டிவி. பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் அந்த ஜூலையில் பார்த்த சைக்கிள் பந்தயம் இன்றுவரை என்னை விடவில்லை. வருட லீவையே டூர் டி பிரான்ஸுக்காகத்தான் எடுக்கிறேன். மனைவிக்கு ஜூலை வந்தாலே கோபம். 19 வயது மகன், "எல்லாரும் ஊசி போட்டு ஓடினவங்கள்தானே அப்பா, உங்களை இவ்வளவு வருசமா ஏமாத்தியிருக்கிறாங்கள்" என்கிறான். அமெரிக்க சைக்கிள் வீரர் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கை தட்டிய வெட்கம் எனக்கும் இருக்கிறது. விட்டுவிடலாமா?
(லா கூர்நெவ் வாசகர். கடிதம் நீளம் என்பதால் சுருக்கியிருக்கிறோம்.)

பதில்: அண்ணா, விட வேண்டாம். ஆனால் மகனோடு சண்டைக்கும் போக வேண்டாம், ஏனென்றால் அவன் சொல்வதில் பெரும்பகுதி சரி. 1998ல் ஃபெஸ்டினா என்ற சைக்கிள் அணியின் காரை பெல்ஜியம் எல்லையில் மறித்துத் திறந்தபோது உள்ளே நூற்றுக்கணக்கில் ஊக்கமருந்துக் குப்பிகள். அதே வருடம் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோவையும் டூரையும் சேர்த்து ஜெயித்த இத்தாலிய வீரர் பந்தானி, அடுத்த வருட ஜிரோவில் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்ட நிலையில், ரத்தத்தில் சிவப்பணு அளவு (ஊக்கமருந்தின் அறிகுறி அது) வரம்பைத் தாண்டியதால் வெளியேற்றப்பட்டார். 2004ல் ரிமினியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். 1999 முதல் 2005 வரை ஆம்ஸ்ட்ராங் வாங்கிய ஏழு டூர் பட்டங்களையும் 2012ல் பறித்தார்கள். அடுத்து வந்தவருக்குக் கொடுக்கவும் இல்லை, ஏழு இடமும் இன்றைக்கும் காலி. யாருக்குக் கொடுப்பது? மூன்று முறை அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த ஜெர்மன் வீரர் உல்ரிஹும் ஊக்கமருந்து எடுத்ததைப் பிற்பாடு ஒப்புக்கொண்டவர்தான். ஏமாந்தோம், சரி. நானும்தான் கை தட்டினேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆம்ஸ்ட்ராங்குக்கு அதில் ஒரே ஒரு வரி, பந்தானிக்கு நாலு வரி. பிரெஞ்சு வீரர் ஃபினியோனுக்கு ஒரு முழுப் பக்கம்! 1989 ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து ஷான்ஸெலிஸே வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே ஓட வேண்டும். ஃபினியோன் 50 விநாடி முன்னிலையில் இருக்கிறார். அவரோடு மோதும் அமெரிக்கர் லெமோன்டின் சைக்கிளில் முன்னால் நீட்டிய புதுவகைக் கைப்பிடி, தலையில் வாலோடு ஒரு ஹெல்மெட். ஃபினியோனுக்கு மூக்குக் கண்ணாடி, பின்னால் ஆடும் குடுமி, வெறுந்தலை, போதாதற்கு சீட்டில் உட்கார முடியாத புண். மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு எட்டே விநாடியில் தோற்றுத் தரையில் சரிந்த அந்த மனிதரைப் பார்த்து அறையிலிருந்த ஏழு பேரும் பேசாமல் இருந்தோம், அவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெயித்தவரைப் பற்றி அரை வரிகூட இல்லை. இப்படி எழுதுகிற ஆள் பட்டத்துக்காகப் பந்தயம் பார்க்கிறவர் இல்லை. அப்புறம், யாரோ ஒருவரின் பட்டத்தைப் பறித்ததில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் ஃபினியோனும் ஊக்கமருந்து எடுத்தவர்தான். 2009ல் வந்த தன் சுயசரிதையில் அவரே அதை எழுதினார், அடுத்த வருடம் புற்றுநோயில் போய்விட்டார். நீங்கள் அரை வரியும் கொடுக்காத லெமோன்ட் இருக்கிறாரே, ஆம்ஸ்ட்ராங் ஒரு சர்ச்சைக்குரிய மருத்துவரிடம் போவதைப் பற்றி 2001லேயே வாய் திறந்தவர், அதற்காகப் படாத பாடு பட்டவர். அந்த மனிதரையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் நாம்.

இப்போது ஓடுகிறவர்கள் சுத்தமா என்று மகன் நிச்சயம் கேட்பான். 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளையும் தொடர்ந்து பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஆம்ஸ்ட்ராங் ஜெயித்த காலத்தில் இந்தக் கண்காணிப்பு இல்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாருக்காகவும் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாதீர்கள். ஆதாரமில்லாமல் அவன் யார் மீதாவது பழி போட்டால் அதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பையனுக்கு முன்னால் போகிறவனைக் காட்டாதீர்கள், கடைசியில் வருகிறவனைக் காட்டுங்கள். 2024ல் பிரிட்டிஷ் வீரர் கேவன்டிஷுக்கு 39 வயது. ஃபுளோரன்ஸிலிருந்து ரிமினிக்குப் போன முதல் நாளே வெயிலில் வாந்தி எடுத்தபடி கூட்டத்திலிருந்து பிரிந்து பின்தங்கிவிட்டார். குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் இல்லையா, அணிக்காரர்கள் தங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்து, காற்றை மறைத்து, தண்ணீர் ஊற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து அவர் அடித்தது டூரின் ஒரு நாள் ஓட்டங்களில் 35வது வெற்றி, பெல்ஜிய வீரர் மெர்க்ஸின் 34 தாண்டிப்போனது! இந்த இரண்டு நாளின் வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்திலிருந்து விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள்.

அதைவிட நல்லது வெளியே கூட்டிப் போவது. சமதளத்துக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி ஏமாந்தேன். விளம்பர வண்டிகள் தொப்பியும் சாவிக்கொத்தும் எறிந்துவிட்டுப் போன பிறகு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். ஹெலிகாப்டர் சத்தம், மோட்டார் சைக்கிள் போலீஸ், சர்ர்ரென்று செயின்களின் இரைச்சல், முகத்தில் ஒரு காற்று, அவ்வளவுதான். முழுக்கூட்டமும் போய்விட்டது, பக்கத்தில் நின்ற பிள்ளை ஐஸ்கிரீமைக் கூட நக்கி முடிக்கவில்லை. ஏற்றத்தில்தான் ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். உப்பு காய்ந்த கன்னம், திறந்த வாய். உங்களுக்கு ஆல்ப்ஸ் வரை போகவும் வேண்டியதில்லை. 2025ல் கடைசி நாள் பாரிஸின் மோன்மார்த் மேட்டில் மூன்று முறை ஏற விட்டார்களே, கொட்டுகிற மழையில் பெல்ஜிய வீரர் வான் ஆர்ட் அங்கேதான், மொத்தத்தில் முன்னிலையில் இருப்பவரின் மஞ்சள் சட்டை போட்ட போகச்சாரையே பின்னால் விட்டுவிட்டுப் போனார். லாச்சப்பலில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே போகிற தூரம் அது. 1989ல் நீங்கள் ஏழு பேர் இருந்த அறையையும் வழியில் காட்டலாம்.

அடுத்து உங்கள் மனைவி. இதில் நான் முழுக்க அவர் கட்சி. தலைவனுக்காகப் பின்னால் போய் ஏழெட்டு போத்தல் தண்ணீரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருகிற தொண்டன் ஓட்டக்காரரைப் பற்றி அரைப் பக்கம் உருகுகிறீர்கள், அண்ணா. ஜூலையில் உங்கள் வீட்டில் தண்ணீர் கொண்டு வருவது யார்? ஒரு நாள் ஓட்டம் நாலைந்து மணி நேரம் என்றால் அவ்வளவையும் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. சமதள நாளில் கடைசி இருபது கிலோமீட்டர் போதும், மலை நாளில் கடைசி இரண்டு ஏற்றம். லீவில் பாதியை அவர் சொல்கிற இடத்துக்குக் கொடுங்கள், அந்த இடத்தில் மலை இருக்கிறதா என்று வரைபடத்தைத் தேடாமல்.

பெண்கள் டூரை அவரோடு சேர்ந்து பார்த்திருக்கிறீர்களா? 2022ல் இப்போதைய வடிவில் தொடங்கினார்கள். 1985ல் இனோ ஜெயித்த பிறகு பிரெஞ்சு ஆண் ஒருவர்கூட டூரை ஜெயிக்கவில்லை, 2025ல் பிரெஞ்சு வீராங்கனை ஃபெரான் பிரெவோ வந்து பெண்கள் டூரைத் தூக்கிக்கொண்டு போனார். பெரும்பாலும் ஆண்கள் டூர் முடிகிற சமயத்தை ஒட்டித்தான் அது தொடங்கும், அதாவது உங்கள் மூன்று வாரம் நாலு வாரமாகும், எனவே கேட்கிற விதத்தில் கேளுங்கள்.

ஃபினியோன் பற்றி எனக்கு எழுதிய அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நீங்களேதான் படித்துக் காட்ட வேண்டும். மோன்மார்த்துக்குப் போவதென்றால் காலையிலேயே போய் இடம் பிடித்துவிடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு அங்கே கால் வைக்க முடியாது.