இரண்டு கிட்டார், இரண்டு பேருக்கும் வேறு வேறு பாணி: சேர்ந்து வாசித்தால் எடுபடுமா?

எடுபடும். ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் வாசிக்க ஆரம்பித்தால்தான் படுத்துவிடும். ஆறு மாதம் அதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

"நண்பர் சுத்தமாக வாசிக்கிறார், நான் முரட்டடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போ அவர் கிளாஸுக்குப் போய்க் கற்றவர், நீங்கள் கேள்வி ஞானம், சரிதானே? நானும் அப்படித்தான். அக்கா வீட்டுக்காரர் தூக்கிப்போட்ட கிட்டாரில், ஐந்து கம்பியோடு பழகியவன். ஹாஸ்டலில் அமைந்த கூட்டாளியோ தேவாலயத்தில் நோட்ஸ் பார்த்து வாசித்து வளர்ந்த தூத்துக்குடிக்காரன். "டேய், நீ வாசிக்கிறியா, விறகு பிளக்குறியா?" என்பான். மானம் போகிறதே என்று நான் அவனைப் போல மெதுவாக வாசிக்க, அவன் எனக்காக ஓங்கி அடிக்க, இரண்டும் கெட்டது.

அப்போதுதான் சீனியர் ஒருவர் 'பெர்ட் அண்ட் ஜான்' ஆல்பத்தைக் கொடுத்தார். 1966இல் வந்தது. பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் என்ற பிரிட்டிஷ் நாட்டார் இசைக் கிட்டார்க்காரர்கள் இருவர், பெரும்பாலும் இரண்டு கிட்டார் மட்டும்தான். முழுதும் கேட்டாலும் அரை மணி நேரம் ஆகாது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான்ஷ் கம்பியைக் கிள்ளி இழுத்து விடுவார், அது சடக்கென்று ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில், போய் அடிக்கும். லண்டன்காரர் ரென்போர்னுக்குப் பழைய ஐரோப்பிய இசையில் கிறுக்கு, ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து வைத்தது போல விழும். சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் மெட்டு ஒன்றைக்கூட இப்படியே வாசித்திருப்பார்கள். ஜான்ஷ் முரண்டு பிடிக்கும் இடத்தில் ரென்போர்ன் பதிலுக்கு முரண்டு பிடிக்க மாட்டார். இடம் விட்டு, மேலே ஏறிப் போய்விடுவார். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து பென்டாங்கிள் குழுவைத் தொடங்கியபோதும் யாரும் யாராகவும் மாறவில்லை.

அதைக் கேட்டபின் நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று. நான் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) இல்லாமல் ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிப்பேன். அவன் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டி, டி கார்டுக்கு விரல் வைக்கிற மாதிரி பிடிப்பான். இரண்டும் ஒரே கார்டாகத்தான் ஒலிக்கும், ஆனால் அவனுடையது உயரத்திலிருந்து வரும். என் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் என்ன அடி அடித்தாலும் அவன் வழியில் குறுக்கிடாது. முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு வார்டன் கதவைத் தட்டும்வரை வாசித்தோம்.

"நாட்டார் இசைக்கு வெள்ளைக்காரன்தான் கிடைத்தானா, பறையும் உடுக்கையும் தெரியாதா?" என்று யாராவது வருவீர்கள். தெரியும் ஐயா. கேட்டது கிட்டாரைப் பற்றி.

பாணியெல்லாம் பிரச்சினையே இல்லை, எங்களுக்கு எமன் மைக் செட்தான். ஒரு கல்யாண வரவேற்பில் மைக் செட்காரர் "பாடுறவங்க எங்க? ட்ராக் பென் டிரைவ்ல இருக்கா?" என்று கேட்டுவிட்டு, எக்கோவைத் திருகினார் பாருங்கள், என்னுடைய ஒரு அடி நாலு அடியாகத் திரும்பி வந்தது. கூட்டாளி வாசித்தது மேடையில் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் சாப்பாடு போட்டார்கள், பேசிய ஆயிரத்தைந்நூறு இன்னும் வரவில்லை. நீங்கள் மேடை ஏறினால் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்குங்கள், எக்கோ திருகைக் கையால் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள்.